ஓரத்தில் பிறந்த வசனம்

எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் பைபிள்கள் இருக்கின்றன. ஒன்று பாட்டியுடையது. கறுப்பு உறை, சிவப்புச் சாயம் போட்ட தாள் விளிம்பு, சி.எஸ்.ஐ. கோயில்களில் இன்றும் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பு. மற்றொன்று கல்யாணத்தின்போது என் மனைவியோடு வந்தது. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்க வீடுகளில் புழங்குவது. இரண்டையும் மேசைமேல் விரித்துவைத்து யோவானின் முதல் நிருபம் ஐந்தாம் அதிகாரத்துக்குப் போனால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். பாட்டியின் புத்தகத்தில் ஏழாம் வசனம் மேலுலகில் சாட்சி சொல்கிற மூவரைப் பேர் சொல்லி எண்ணுகிறது: பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி. எண்ணிவிட்டு மூவரும் ஒன்று என்கிறது. எட்டாம் வசனம் பூமிக்கு இறங்கி ஆவி, தண்ணீர், இரத்தம் என்று வேறொரு மூன்றை எண்ணுகிறது. மனைவியின் புத்தகத்தில் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஆவி, நீர், இரத்தம், அவ்வளவுதான். வசன எண்ணில் ஓட்டை தெரியாது. மிச்சமிருக்கும் வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து ஏழு, எட்டு என்று போட்டு நிரப்பிவிடுவார்கள்.

காணாமல்போனது சில்லறைச் சமாசாரம் இல்லை. புதிய ஏற்பாடு முழுவதையும் சலித்தாலும் மூன்று, ஒன்று என்ற இரண்டு எண்களையும் கடவுள்மேல் ஒரே வாக்கியத்தில் வைத்துச் சொல்லும் இடம் வேறு கிடையாது. ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்லும் இடத்தில் மூன்று பெயர்கள் வரிசையாக வரும். அங்கே ஒன்று என்ற பேச்சில்லை. இயேசு தம்மையும் தந்தையையும் ஒன்று என்பார், அங்கே இருவர்தான். திரித்துவத்தைப் பச்சையாகச் சொன்ன வாக்கியம் இது ஒன்றே. அதுதான் பைபிளுக்குள் பிறகு வந்து சேர்ந்த வாக்கியம் என்பது அதன் கதை.

கிறிஸ்தவம் யூத வீட்டில் பிறந்த பிள்ளை. அந்த வீட்டில் காலையும் மாலையும் இறைவன் ஒருவனே என்று ஓதுவார்கள். அந்த ஓதலை விட மனமில்லாமல் இயேசுவையும் ஆண்டவர் என்று வணங்கத் தொடங்கியவர்களுக்கு, கணக்கு எப்படிச் சரியாகும் என்ற தொல்லை முதல் தலைமுறையிலேயே வந்துவிட்டது. மூவரும் ஒருவரே போடும் மூன்று வேஷங்கள் என்றார்கள் சிலர். மகன் படைக்கப்பட்டவர், தந்தைக்கு ஒரு படி கீழ் என்றார் அலெக்சாந்திரியாவின் ஆரியுஸ். 325இல் நிக்கேயாவிலும் 381இல் கான்ஸ்டான்டிநோப்பிளிலும் ஆயர்கள் கூடி இரண்டையும் தள்ளினார்கள். கடவுளின் சாரம் ஒன்று, ஆள் மூன்று. மூவரும் சமம், மூவரும் சேர்ந்து மூன்று கடவுள் அல்ல. இந்தச் சண்டைக்காக, அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடு கடத்தப்பட்டார். கிரேக்கத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். நம் வசனம் அவர் கண்ணில் பட்டிருந்தால் விவாதம் ஒரே நாளில் முடிந்திருக்கும். அவர் அதை ஓரிடத்திலும் எடுத்தாளவில்லை. மற்றக் கிரேக்க ஆசிரியர்களும் அப்படியே. பிரம்மாஸ்திரம் கையில் இருந்தால் எவனாவது அதைத் தூணியிலேயே விட்டுவிட்டு வில்லால் அடித்துக்கொண்டிருப்பானா? அவர்களிடம் அது இல்லை. கோட்பாடு உருவாகி நிலைபெற்றபோது வசனம் பிறந்திருக்கவில்லை, அல்லது எங்கோ மேற்கில் தொட்டிலில் கிடந்தது.

தொட்டில் வட ஆப்பிரிக்கா என்று ஊகிக்க இடமிருக்கிறது. இன்றைய துனீசியாவில் இருக்கும் கார்த்தேஜ் நகரம் லத்தீன் கிறிஸ்தவத்தின் பள்ளிக்கூடம். கடவுளுக்குத் ‘த்ரினிதாஸ்’ என்ற லத்தீன் சொல்லைப் புழக்கத்தில் விட்ட தெர்த்துல்லியன் அந்த ஊர்க்காரர். அவருக்குப் பின் அதே ஊரில் பிஷப்பாக இருந்த சிப்ரியான், 251 வாக்கில் எழுதிய நூலில், பிதா, குமாரன், ஆவி ஆகியோரைப் பற்றி மூவரும் ஒன்று என எழுதியிருக்கிறதே என்கிறார். நம் வசனம் அவர் பிரதியில் இருந்ததா? இல்லை, ஆவி, தண்ணீர், இரத்தம் என்ற மூன்றையுமே அவர் பிதா, குமாரன், ஆவி என்று பொருள்கொண்டு வாசித்தாரா? இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து அதே ஆப்பிரிக்காவில் அகுஸ்தீனும் அந்த மூன்றுக்கும் அப்படியே உரை சொன்னார். திரித்துவம் பற்றிப் பதினைந்து புத்தகம் எழுதிய மனிதர், மேலுலகச் சாட்சிகள் வசனத்தை அவற்றில் எடுத்துக்காட்டவே இல்லை.

ஆக, முதலில் இருந்தது உரை. மூலத்துக்குள் அது எப்படி நுழைந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஏட்டோடு பழகிய நமக்குச் சிரமம் இருக்கக்கூடாது. கம்பராமாயணத்தில் கலந்த பாட்டுகளை ‘வெள்ளி’ என்று ஒதுக்கிவைத்த மரபு நம்முடையது. ஆனால் அங்கே ஒரு கவிராயர் வேண்டுமென்றே பாடிச் சேர்த்தார் என்று கதை. இங்கே அப்படி ஒருவர் தேவையில்லை. கையால் நகலெடுத்த காலத்தில் ஏட்டின் ஓரம் இரண்டு வேலை செய்தது. வாசிப்பவர் தன் விளக்கத்தை அங்கே எழுதுவார். நகலெடுப்பவர் வரியில் விட்டுப்போனதையும் அங்கேதான் எழுதுவார். அடுத்து நகலெடுக்க வருபவருக்கு எது விளக்கம், எது விடுபட்டது என்று தெரியாது. வேத வசனத்தை விட்டுவிட்டால் பாவம். ஒரு விளக்கம் கூடிவிட்டால் பெரிய பிழையில்லை. எனவே உள்ளே எடுத்துக்கொள்வார். அந்த வசனம் பழைய லத்தீன் பிரதிகள் சிலவற்றில் பூமிச் சாட்சிகளுக்குப் பின்னாலும், வேறு பிரதிகளில் முன்னாலும் வருகிறது. வீட்டுக்காரர் தினம் இடம் மாற்றிப் படுப்பதில்லை. விருந்தாளிதான் எங்கே பாய் கிடைக்கிறதோ அங்கே படுப்பார்.

ஓரத்திலிருந்து உள்ளே வந்துவிட்ட வசனத்தை முதன்முதலில் தெளிவாக, யோவான் எழுதியது என்றே எடுத்துச் சொல்லும் நூல் ஸ்பெயினைச் சேர்ந்தது. ஆவிலா நகரத்துப் பிஷப் பிரிஸ்கிலியன், அல்லது அவருடைய கூட்டத்தில் ஒருவர், 380 வாக்கில் எழுதியது. பிரிஸ்கிலியனுக்கு நேர்ந்தது வினோதமான முடிவு. பில்லிசூனியக் குற்றம் சாட்டி, 385 வாக்கில், ட்ரியர் நகரில் மாக்சிமுஸ் சக்கரவர்த்தியின் உத்தரவில் தலையை வெட்டினார்கள். கிறிஸ்தவ அரசு ஒன்று சொந்த மதத்துக்காரரைக் கொள்கைத் தகராறின் தொடர்ச்சியாகக் கொன்ற முதல் சம்பவங்களில் அது ஒன்று. தூர் நகரத்து மார்ட்டின் போன்றவர்கள் கூடாது என்று மன்றாடிப் பார்த்தார்கள். மூவரும் ஒருவரே எடுக்கும் மூன்று கோலங்கள் என்று போதித்ததாகப் பின்னாளில் அவர்மேல் இன்னொரு பழியும் விழுந்தது. அவருடைய நூலில் வசனம் வரும் விதம் அந்தப் பழிக்கு வாகாகவே இருக்கிறது: மூவரும் கிறிஸ்துவில் ஒன்று என்று அங்கே முடிகிறது. திரித்துவத்தின் தூண் என்று பின்னால் போற்றப்பட்ட வாக்கியம், திரித்துவத்தைத் திரித்தவர் என்று தூற்றப்பட்டவரின் பையிலிருந்து வெளியே வருகிறது. இந்த நூல்களே ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மறைந்து கிடந்து, 1885இல் வூர்ட்ஸ்பர்க் நூலகத்தில் அகப்பட்டன.

நூறு ஆண்டு கழித்து வசனம் மீண்டும் கார்த்தேஜில் தலைகாட்டுகிறது. ஊர் இப்போது வேண்டல்கள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தாரின் கையில். அரசன் ஹுனெரிக் ஆரியுஸின் கட்சி. 484இல் எதிர்க்கட்சி ஆயர்கள் எல்லோரையும் வரவழைத்து, உங்கள் கொள்கையை நிரூபியுங்கள் என்றான். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அவர்கள் கொடுத்த அறிக்கையில் நம் வசனம் பகிரங்கச் சாட்சியாக நிற்கிறது. அரசன் அசையவில்லை, ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். எதிரியின் அரண்மனையில் இல்லாத வசனத்தைத் துணிந்து காட்டுவார்களா என்று இதை வைத்து வாதாடுவோர் உண்டு. அவர்கள் பிரதிகளில் அது இருந்தது, சந்தேகமில்லை. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தாத்தா காலத்து ஓரக்குறிப்பு பேரன் காலத்தில் வேதமாகிவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஜெர்மனியின் ஃபுல்டாவில் இருக்கிறது. காப்புவா நகரத்துப் பிஷப் விக்தோருக்காக 546, 547 வாக்கில் எழுதப்பட்ட லத்தீன் கையெழுத்துப்படி. அதில் யோவானின் நிருபங்கள் வரும் பகுதிக்கு ஒரு முன்னுரை உண்டு. பைபிளை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் எழுதியதுபோலப் பாவனை. உண்மையில் யாரோ அவர் பெயரில் எழுதியது. நேர்மையில்லாத மொழிபெயர்ப்பாளர்கள் திரித்துவ வசனத்தை விட்டுவிட்டார்கள் என்று முன்னுரை கடிந்துகொள்கிறது. அப்படியே தாளைப் புரட்டி அந்த இடத்துக்குப் போனால், அங்கே வசனம் இல்லை. முன்னுரையைப் பயபக்தியோடு எழுதிய அதே பிரதிதான் மூலத்தையும் அதே பயபக்தியோடு, இருந்தபடியே வைத்திருக்கிறது. அடுத்த நூற்றாண்டுகளில் நகலெடுத்தவர்கள் அவ்வளவு கட்டுப்பாடு காட்டவில்லை. முன்னுரையின் பேச்சைக் கேட்டுக் குறையை நிறைவாக்கிவிட்டார்கள். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் கூடியபோது வசனம் மேற்கு ஐரோப்பா முழுதும் குடியேறிவிட்டது.

ஆனால் லத்தீனில் மட்டும். யோவான் எழுதியது கிரேக்கத்தில். பழைய கிரேக்கப் பிரதிகளிலும், சிரியாக், கோப்திக் மொழிகளின் பழைய பெயர்ப்புகளிலும் வசனத்தின் சுவடு கிடையாது. அச்சு வந்த பிறகுதான் இந்த முரண் அம்பலமானது.

1516இல் பாசல் நகரில் ஃப்ரோபென் அச்சகத்திலிருந்து டச்சு அறிஞர் எராஸ்மஸின் கிரேக்கப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. விற்பனைக்கு வந்த முதல் கிரேக்கப் பதிப்பு அது. அவசரத்தில் செய்தது. வெளிப்படுத்தல் நூலுக்கு அவருக்குக் கிடைத்த ஒரே பிரதியில் கடைசித் தாள் இல்லாததால், அந்த வரிகளை லத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்குத் திருப்பிப்போட்டுக்கொண்ட மனிதர். அப்படிப்பட்டவரே இந்த வசனத்தைச் சேர்க்கவில்லை, பார்த்த கிரேக்கப் பிரதி எதிலும் அது இல்லை என்பதால். கிளம்பியது பாருங்கள் சண்டை. இங்கிலாந்தின் எட்வர்ட் லீ, ஆரியுஸுக்கு மறுபடியும் கதவைத் திறந்துவிட்டார் என்றார். ஸ்பெயினிலிருந்து தியேகோ லோபஸ் தெ சூனிகா எதிர்நூல் எழுதினார். சூனிகா பணியாற்றிய அல்கலா நகரத்துக் குழு 1514லேயே அச்சடித்து வைத்திருந்த பன்மொழி பைபிளில் வசனம் கிரேக்கத்திலும் இருந்தது, லத்தீனிலிருந்து பெயர்த்துச் சேர்த்ததுதான். எராஸ்மஸ் ரோமில் இருந்த நண்பர் பொம்பாசியோவுக்கு எழுதி, வத்திக்கானின் மிகப் பழைய பிரதியைப் பார்க்கச் சொன்னார். 1521இல் பதில் வந்தது: இல்லை.

கிரேக்கப் பிரதி ஒன்றில் இருந்திருந்தால் சேர்த்திருப்பேன் என்று லீக்குப் பதில் எழுதியிருந்தார் எராஸ்மஸ். ‘ஒரு பிரதி காட்டுங்கள், சேர்க்கிறேன்’ என்று அவர் சவால் விட்டதாகவும், வாக்குக்குக் கட்டுப்பட்டு மாட்டிக்கொண்டதாகவும் பிற்காலத்தார் கதையை ஊதிவிட்டார்கள். லைடனைச் சேர்ந்த தெ யோங்க என்ற அறிஞர் 1980இல் அந்த வாக்குறுதிக்கு ஆதாரமில்லை என்று காட்டினார். அதைத் தள்ளிவிட்டாலும் பிரதி வந்தது உண்மை. இங்கிலாந்திலிருந்து, மை காய்ந்தும் காயாமலும். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய படி. அதில் இருக்கும் வசனத்தின் கிரேக்கமே காட்டிக்கொடுக்கிறது. பிதா, வார்த்தை, ஆவி என்ற சொற்களுக்கு முன் கிரேக்கன் போடும் சுட்டிடைச்சொல் அதில் இல்லை. லத்தீனில் அப்படியொரு இடைச்சொல்லே கிடையாது. லத்தீனைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தவருக்கு அது நினைவில் வரவில்லை. எராஸ்மஸுக்கும் சந்தேகம்தான், லத்தீனுக்கு ஏற்பத் திருத்திய பிரதியாக இருக்கலாம் என்று குறிப்பில் எழுதினார். ஆனாலும் 1522இன் மூன்றாம் பதிப்பில், வசை பேச யாருக்கும் சாக்கு வேண்டாம் என்று வசனத்தை அச்சேற்றிவிட்டார். எதிரிகளை அவ்வளவு பகடி செய்த மனிதர் இந்த ஒரு இடத்தில் களைத்துப்போனார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் களைப்பின் பலன் முந்நூறு ஆண்டு நீடித்தது. லூதர் மட்டும் எராஸ்மஸின் 1519 பதிப்பை வைத்து மொழிபெயர்த்ததால் அவருடைய ஜெர்மன் பைபிளில் வசனம் இல்லை. அவர் செத்து இருபத்தெட்டு ஆண்டு கழித்து, 1574இல், ஃபிராங்க்ஃபர்ட் அச்சகத்தார் ஒருவர் சேர்த்துவிட்டார். 1551இல் ராபர்ட் எஸ்தியேன் புதிய ஏற்பாட்டுக்கு வசன எண் போட்டபோது நம் வாக்கியத்துக்கும் ஏழு என்று கதவிலக்கம் கிடைத்தது. ஆரம்பகால ஆங்கில பைபிள்கள் அதைச் சின்ன எழுத்திலோ அடைப்புக்குறிக்குள்ளோ தயக்கத்தோடு அச்சடித்தன. 1611இன் ஜேம்ஸ் ராஜா பைபிளில் தயக்கம் போய்விட்டது.

நம் பக்கத்துக்கும் அது வந்தது, ஒரு கட்டளையாக. 1599 ஜூனில் கொச்சிக்குத் தெற்கே உதயம்பேரூரில், கோவா பேராயர் அலெய்ஷோ தெ மெனெசெஸ் தோமா கிறிஸ்தவர்களைக் கூட்டி ஒரு சங்கம் நடத்தினார். அவர்களுடைய சிரியாக் வேதப் புத்தகங்களில் இல்லாதவை என்று பட்டியலிட்டுத் திருத்தச் சொன்னவற்றில் இந்த வசனமும் ஒன்று. மலையாளக் கரையில் அதுவரை அதைக் கேள்விப்படாமலே நூற்றாண்டுக் கணக்காகத் திரித்துவத்தை வணங்கிவந்தவர்கள் அந்த மக்கள். மூலத்துக்கு நெருக்கமாக இருந்தது அவர்கள் பிரதி. குறையுள்ளது என்று பெயர் வாங்கியதும் அவர்கள் பிரதியே.

இங்கிலாந்தில் வசனத்தைத் தொட்டால் கை சுடும். எராஸ்மஸுக்குக் காட்டப்பட்ட அந்தப் பிரதி பல கை மாறி டப்ளின் நகரத்து டிரினிட்டி கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியிலோ வசனத்தின் எதிரிகள் வளர்ந்தார்கள். டிரினிட்டி என்றால் திரித்துவம்; பெயர்ப் பொருத்தத்தை நான் கற்பிக்கவில்லை. அவர்களில் முதலாமவர் ஐசக் நியூட்டன். கல்லூரி விதிப்படி அவர் குருப்பட்டம் பெற்றாக வேண்டும். திரித்துவத்தை மனதார ஏற்க முடியாதவர் அதை எப்படிப் பெறுவார்? 1675இல் அரசரின் விலக்கு ஒன்று அவரைக் காப்பாற்றியது. 1690 நவம்பரில் தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதி, இந்த வசனம் எந்த நூற்றாண்டில், யார் கைவழியாக நுழைந்தது என்று பிரதி பிரதியாக ஆராய்ந்து காட்டினார். பெயர் போடாமல் வெளிநாட்டில் அச்சிட ஏற்பாடு. லாக் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பியும் விட்டார். நியூட்டனுக்குப் பயம் வந்து, 1692இல் நிறுத்தச் சொன்னார். பயம் வீண் இல்லை. 1697 ஜனவரியில் எடின்பரோவில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்ற இருபது வயது மாணவனைத் திரித்துவத்தைக் கேலி செய்த குற்றம் உட்பட்ட தெய்வநிந்தனைக்காகத் தூக்கிலிட்டார்கள். கேம்பிரிட்ஜில் நியூட்டனின் நாற்காலியில் அவருக்குப் பின் அமர்ந்த விஸ்டன், இதே விஷயத்தில் வாய் திறந்து 1710இல் வேலை இழந்தார். புவியீர்ப்பைச் சொல்ல அஞ்சாத மனிதரின் கடிதம் அவர் இறந்து இருபத்தேழு ஆண்டு கழித்து, 1754இல் அச்சானது.

அதற்குள் காற்று மாறிவிட்டது. அதே டிரினிட்டி கல்லூரியின் தலைவர் ரிச்சர்ட் பென்ட்லி 1717லேயே வசனம் போலி என்று விரிவுரையில் சொல்லிவிட்டார். வரலாற்றாசிரியர் கிப்பன் 1781இல் அதைக் குத்திக்காட்டினார். டிராவிஸ் என்ற பாதிரியார் மறுத்தார். அதே கல்லூரியின் ரிச்சர்ட் போர்சன் 1790இல் டிராவிஸைத் தோலுரித்துத் தொங்கவிட்டார். ஜெர்மனியில் கிரீஸ்பாக் தம் கிரேக்கப் பதிப்பிலிருந்து அதை எடுத்துவிட்டார். 1881இன் ஆங்கிலத் திருத்தப் பதிப்பு ஓர் அடிக்குறிப்புக்கூட வைக்காமல் விட்டது. ரோம்தான் தயங்கியது. 1897இல் வசனத்தின் உண்மையை மறுப்பது பத்திரமல்ல என்றது; 1927இல் அறிஞர்கள் ஆராயத் தடையில்லை என்றது; 1979இன் புதிய லத்தீன் பைபிளில் வசனம் இல்லை. இந்தப் பகுதியைக் கொண்டிருக்கும் ஏறக்குறைய ஐந்நூறு கிரேக்கப் பிரதிகளில் வசனம் இருப்பது பத்து அளவில்தான். அவற்றிலும் பாதிக்கு, பிற்காலக் கை ஒன்று ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறது. பிறந்த இடத்துக்கே திரும்பிவிட்டது என்று சொல்லலாம்.

இந்திய மண்ணில் அதற்கு நேர்ந்த பெரிய அவமானம் 1854இல், ஆக்ராவில். ஜெர்மன் மிஷனரி ஃபாண்டர், இஸ்லாமியர்களோடு எழுத்திலும் பேச்சிலும் வாதாடிப் பெயர் வாங்கியவர். ஏப்ரல் 10, 11 தேதிகளில் அவரைப் பொதுச் சபையில் எதிர்கொண்டவர் மௌலானா ரஹ்மத்துல்லா கைரானவி. துணைக்கு வசீர்கான் என்ற மருத்துவர். ஐரோப்பியரின் பைபிள் ஆராய்ச்சி நூல்களையே வாங்கிப் படித்துத் தயாராக வந்தவர். உங்கள் வேதத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்று அவர்கள் தொடங்க, ஏழெட்டு இடங்களில் மாற்றம் உண்டு என்று ஃபாண்டர் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவற்றில் நம் வசனமும் ஒன்று. அதனால் அடிப்படைக் கோட்பாடு எதுவும் பாதிக்கப்படாது என்றார் ஃபாண்டர். அவர் சொன்னது சரி, அத்தனாசியுஸே சாட்சி. ஆனால் இறைவன் ஒருவன், அவனுக்கு இணையில்லை என்று நம்பும் கூட்டத்தின் முன்னால், மூன்றும் ஒன்று என்ற ஒரே நேர் வாக்கியம் எங்கள் கைச்சரக்குத்தான் என்று ஒப்புக்கொண்ட பிறகு அந்தச் சரியை யார் காதில் வாங்கியிருப்பார்கள்? அந்த வாதங்கள் வளர்ந்து கைரானவியின் ‘இஸ்ஹாருல் ஹக்’ என்ற அரபு நூலாயின. இன்றைக்கும் மேடை விவாதங்களில் அந்தப் பழைய அம்புகள் பறக்கின்றன.

தமிழுக்கு வருவோம். பாட்டியின் பழைய மொழிபெயர்ப்பு ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வந்தது. ஆங்கிலத் திருத்தப் பதிப்பு வசனத்தைக் கைவிட இன்னும் பத்து ஆண்டு இருந்தது. அதற்குள் தமிழ்ச் சபைகளின் காதில் வசனம் ஊறிவிட்டது. ஊறியதைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. பழைய மொழிபெயர்ப்பில் அது அப்படியே அச்சாகிக்கொண்டிருக்கிறது. திரித்துவ ஞாயிறன்று அதைப் பிரசங்க வசனமாக எடுத்துப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். நல்ல பிரசங்கம்தான்.

பாட்டிக்கு பைபிளில் எழுதும் பழக்கம் உண்டு. ஏழாம் வசனத்தின் ஓரத்தில் பென்சிலால், சாய்ந்த கையெழுத்தில், ‘தண்ணி, ஐஸ், ஆவி’ என்று எழுதிவைத்திருக்கிறார். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குத் திரித்துவம் சொல்லிக்கொடுக்க வைத்திருந்த உவமை. ஒரே பொருள் மூன்று நிலை. இறையியல் படித்தவர் யாரிடம் கேட்டாலும், இது ஒருவரே மூன்று கோலம் எடுக்கும் பழைய பிழை, பிரிஸ்கிலியன் மேல் விழுந்த அதே பழி என்பார். பாட்டிக்கு பிரிஸ்கிலியனைத் தெரியாது.

எழுத்து மங்கிக்கொண்டே வருகிறது. போன மாதம் என் மகள் அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அப்பா, அழிஞ்சுபோகும்போல இருக்கு. மேலாப்பல பேனாவால எழுதிரட்டுமா?” என்று கேட்டாள்.

பென்சிலாகவே இருக்கட்டும் என்றேன்.